பத்தொன்பதாவது நோன்பு

பின்பக்கத்திலிருந்து இன்னொரு வாளி கேட்டுக் குரல் வந்தபோது ஹாஜிரா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்காகத் திறந்தோம் என்பது மறந்துபோய் நின்றிருந்தாள். கதவுத் தட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் மாமனாரின் இன்சுலின் குப்பி பாதிக்கு மேல் மருந்தோடு இருந்தது. நாளைக் காலை ஏழு மணிக்குத் தனக்கு வேலையில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு வாளியைத் தேடிப் போனாள்.

கொல்லையில் நாலு கட்டில் விரிப்புகளைச் சுற்றிக் கட்டி மறைப்பு செய்திருந்தார்கள். உள்ளே பள்ளிவாசல் ஆட்கள் மாமாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறைப்பின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்து கறிவேப்பிலைச் செடியின் பாத்தியில் தேங்கியது. வாளியை விரிப்புக்குக் கீழே தள்ளிவிட்டு அவள் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து வீட்டு நாற்காலிகளை எண்ணிப் போடுவதற்காக முன்வாசலுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே யாரோ போட்டிருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பிப் போன மனிதர் பன்னிரண்டரை மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தார். பீங்கான் கம்பெனியின் பேக்கிங் கொட்டகையில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை. அட்டாக் என்றார்கள். அறுபத்தோரு வயது, பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை. அட்டாக் என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சாவு வீட்டில் மருமகளாக இருப்பவளுக்கு உட்கார நேரம் இருக்காது என்பார்கள். ஆனால் இது ரமலான். பத்தொன்பதாவது நோன்பு. வந்தவர்களுக்கு டீ கிடையாது, தண்ணீர் கிடையாது, அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து வந்த அவளுடைய அம்மா வீட்டு ஆட்கள்கூட வந்தார்கள், அழுதார்கள், வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டு குர்ஆனில் யாசீன் ஓத உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் ஒருத்திதான் நோன்பில்லாதவள். அவளும் இவர்களுக்கு முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு, தாகத்துக்குத் தன் வீட்டுக்கு ஓடி ஓடிப் போய்விட்டு வந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஹாஜிராவின் கைகள் தவித்தன. மடித்த பாயை மறுபடி மடித்தாள். ஊதுபத்தி எரிகிறதா என்று நாலு தடவை போய்ப் பார்த்தாள்.

"என் தம்பி முப்பத்தெட்டு வருஷம் சூளைக்கு எதுக்க நின்னு நோம்பு புடிச்சவன்," என்று பஷீரா ஆரம்பித்தாள். மாமாவின் அக்காள். அழுகைக்கு நடுவிலும் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக விழும். "அந்த அனல்ல நாக்க நனைக்காம நின்னவன். கடைசி ரமலான்ல நோம்பில்லாம அனுப்பி வச்சிட்டீங்களே."

'ட்டீங்களே' என்பது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். பார்வை மட்டும் ஒருத்திமேல் விழுந்தது. ஹாஜிரா ஊதுபத்தியைப் பார்க்கப் போனாள்.

பஷீரா சொன்னதில் பொய்யொன்றும் இல்லை. நோன்பை நிறுத்தியது ஹாஜிராதான். ரமலானுக்குப் பத்து நாள் முன்னால் மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். கிட்னி லேசாகக் கெட ஆரம்பித்திருக்கிறது, இந்த வருஷம் வேண்டாம் பாய் என்றார் டாக்டர். மாமா வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொல் மட்டும் இவரிடம் செல்லாது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவி வழியாக ஹஜ்ரத்துக்கும் சேதி அனுப்பினாள். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டரையும் ஹஜ்ரத்தையும் ஒண்ணாக் கூட்டு சேத்துட்டியேம்மா. இனிமே நான் எங்க போயி அப்பீல் பண்றது?"

மாமா அபுசாலி அப்படித்தான். தோற்றால் சிரிப்பார். கம்பெனியில் சூளை வேலையிலிருந்து மாற்றி, கரண்டுக் கம்பத்துக்குப் போகும் பீங்கான்களைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கு உட்காரவைத்தபோதும் சிரித்தார். சின்ன மரச்சுத்தியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தக் கோப்பையைக் கையில் எடுத்தாலும் நகத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் குடிப்பார். ஹாஜிராவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் கொடுத்த டீக் கோப்பையையும் தட்டினார். மாப்பிள்ளையின் அத்தாவுக்குப் பொண்ணு சரியில்லையோ என்று அவள் வீட்டில் பயந்தே போனார்கள்.

போன் அடித்தது. குவைத்திலிருந்து இலியாஸ். மத்தியானத்திலிருந்து ஏழாவது தடவை. டிக்கெட் நாளைக்குத்தான் கிடைக்கும், அடக்கத்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். சொல்லிவிட்டானே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"காலைல ஊசி போட்டியா ஹாஜிரா?"

"போட்டேங்க. ஏழு மணிக்கு."

"சாப்டாரா?"

"டிபன் பாக்ஸ்ல குடுத்து அனுப்புனேன். தெனமும் காலியாத்தாங்க வரும். ஒரு பருக்க மிச்சம் வெக்க மாட்டாரு."

"அப்பறம் எப்பிடி ஆச்சு?"

 அந்தப் பக்கம் இலியாஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

அந்த டிபன் பாக்ஸ் ஏற்பாடு மாமாவே சொன்னது. வீட்டில் இரண்டு பெண்கள் நோன்பு, அவர்கள் முன்னால் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுத் தின்ன எந்த ஆம்பளைக்கு மனசு வரும்? "நீ ஊசியப் போட்டு வுடும்மா. கம்பெனி என்ன அமெரிக்காவுலயா இருக்குது, பத்து நிமிஷம். போன ஒடனே தின்னுக்கறேன்." ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மேல் தட்டில் இட்லி, கீழ்த் தட்டில் மதியத்துக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாமி தட்டை அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் கொடுப்பாள்.

விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹர் நேரத்தில் அவரும் எழுந்துவிடுவார். தூக்கம் வரவில்லை, சும்மா உட்காருகிறேன் என்பார். இரண்டு வாய் சாப்பிடவும் செய்வார். சாயந்திரம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் கூடவே உட்கார்ந்து பேரீச்சம்பழம், கஞ்சி, வடை எல்லாம். நோன்பாளிகளோடு உட்கார்ந்தாலும் நன்மைதான் என்பார். சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து ஹாஜிரா திட்டுவாள்.

திட்டி என்ன ஆகிறது? எட்டு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் மிஷின் இருநூற்று எண்பது, முந்நூறு என்று காட்டும். பகலெல்லாம் டப்பாவில் அளவாகக் கொடுத்தனுப்பியது எப்படி முந்நூறு ஆகும்? போன வாரம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"டீக்கடைல என்ன திங்கறீங்க மாமா? நெஜத்த சொல்லுங்க."

மாமா தலையைச் சொறிந்தார். "போண்டா."

"எத்தன?"

"ரெண்டு. ஒரு நாளு மூணு."

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தது. இருநூற்றைம்பதுக்கு மேல் தொடர்ந்து போனால் காலை ஊசியில் இரண்டு யூனிட் கூட்டலாம். கூட்டினாள். இருபது இருபத்திரண்டானது. அதுவும் கேட்கவில்லை, நேற்று முன்தினம் முந்நூற்றுப் பன்னிரண்டு. இன்று காலை இருபத்து நாலு. சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது மாமா சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கூட்டு கூட்டு, போண்டா திங்கற வாய்க்கு வேணும்," என்றார். பிறகு பிஸ்மில்லா சொன்னார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

சாயந்திர அஸர் தொழுகை முடிந்ததும் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு, திரும்பியதும் நின்றுபோனது. ஆண்கள் எல்லோரும் போய்விட்டதில் வீடு திடீரென்று பெரிசாகத் தெரிந்தது. மாமி மைமூனை வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளறையில் உட்காரவைத்தார்கள். இனி நாலு மாசம் பத்து நாள் அந்த அறைதான். அவள் இதுவரை சத்தம் போட்டு அழவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

ஐந்தே முக்கால் மணி இருக்கும். வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. மாமாவின் மொபெட் சத்தம். ஹாஜிராவின் உடம்பு பழக்கத்தில் கேட்டைத் திறக்க எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் புத்தி வந்தது.

கோவிந்தராசு வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தார். மாமாவோடு இருபது வருஷமாகக் கம்பெனியில் இருப்பவர். மத்தியானம் ஆட்டோவில் மாமாவின் தலையைத் தன் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். கபரஸ்தான் வரைக்கும் நடந்து போய், மண் போட்டுவிட்டு, கம்பெனிக்குப் போய் வண்டியை எடுத்து வந்திருக்கிறார். கால் முட்டி வரை செம்மண்.

"வண்டி அங்கியே நிக்குதேன்னு எடுத்தாந்தேம்மா. சாவி இந்தாங்க." பையிலிருந்து டிபன் பாக்ஸையும் எடுத்து நீட்டினார். "இதயும் வச்சிக்குங்க. கழுவிட்டேன்."

"நீங்க ஏண்ணே கழுவணும்? நான் கழுவ மாட்டனா?"

"தின்னவன்தானம்மா கழுவணும்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாயி நோம்பு புடிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாந்தான் தின்னுக்கிட்டு இருக்கறேன். ஒங்க கைச் சாப்பாடு அவ்வளவு நல்லா இருக்குதும்மா. தெனமும் சொல்லணும்னு நெனப்பேன், வூட்ல தெரியக் கூடாதுன்னுட்டாரு. இனிமே சொன்னா என்னா?"

"நோம்பா?" என்றாள் ஹாஜிரா. "மாமாவா? மாமா நோம்பு இல்லியேண்ணே."

"ஒரு நாளு வுடலியேம்மா. மொத நாளே பாக்ஸத் தூக்கி எங்கிட்டக் குடுத்துட்டாரு. ஒடம்புல சர்க்கர இருக்குது, வேணாம் பாயின்னு நானும்தான் சொன்னேன். டேய், சூளைக்கு எதுக்க நின்னுக்கிட்டே புடிச்ச நோம்பு, இப்ப ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு வுடச் சொல்றியாடான்னாரு. அதுக்கு மேல நான் என்னா பேசறது?"

"ஊசி போட்டுக்கிட்டுதான் வர்றாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"ஊசியா? அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

ஹாஜிரா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நாலு. வெறும் வயிற்றில் இருபத்து நாலு. நேற்று இருபத்திரண்டு. அதற்கு முன்னால் இருபது. பகல் முழுக்கச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்த உடம்பு சாயந்திரம் கிடைத்ததையெல்லாம் வாரித் தின்று முந்நூறுக்கு எகிறியிருக்கிறது. அவள் அந்த முந்நூறை மட்டும் பார்த்தாள். போண்டாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பொய்யைக்கூட அந்த மனுஷர் நோன்பு திறந்து, தொழுது முடித்து, எட்டு மணிக்கு மேல்தான் சொல்லியிருக்கிறார். நோன்பு வாயால் சொல்லவில்லை.

கோவிந்தராசுக்கு எல்லாவற்றையும் இறக்கிவைத்தால்தான் வீட்டுக்குப் போக முடியும் போலிருந்தது. நின்ற இடத்திலேயே பேசினார்.

"பத்தர மணிக்கு மேல வேர்த்துதும்மா. சட்டையெல்லாம் நனைஞ்சிப் போச்சு. ஒரே பீஸ எடுத்து வச்சிக்கிட்டுத் தட்றாரு, தட்றாரு, தட்டிக்கிட்டே இருக்கறாரு. நல்ல பீஸு, கணீர்னு எனக்கே கேக்குது. கீறல் இருக்குதுடாங்கறாரு. கை ஒதறுது. அப்பறம் என்னயப் பாத்து, பாங்கு சொல்லிட்டாங்களான்னாரு."

"பாங்கா?"

"மணி பதினொண்ணுதான் ஆவுது பாயின்னேன். ஓடிப் போயி டீக்கடைல ஒரு பொட்டலம் சீனி வாங்கியாந்தேன், தண்ணில கலக்கிக் குடுப்போம்னு. வாய இறுக்கி மூடிக்கிட்டாரு. கையத் தட்டி வுட்டுட்டாரு. அதுக்கப்பறமும் ரெண்டு தடவ கேட்டாரும்மா, பாங்கு சொல்லிட்டாங்களான்னு. நான் இல்ல பாயி, இல்ல பாயின்னே சொல்லிக்கிட்டிருந்தேன்." துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு எடுத்தார். "ஆமா, சொல்லிட்டாங்க, குடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடிச்சிருப்பாரு. எனக்குத் தோணவே இல்லம்மா. நோம்பு இருக்கறவருகிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹாஜிராவுக்குத் தெரிந்தது.  "உங்க மேல என்னண்ணே தப்பு இருக்குது," என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அந்தச் சீனி பாக்ஸுலதான் இருக்குது. தூக்கிப் போட மனசு வல்ல. வரேம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அவள் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மறைப்பு விரிப்புகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பாத்தியில் தண்ணீர் இன்னும் முழுசாக வற்றவில்லை. போனில் இலியாஸ் மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. அவனிடம் சொல்லத்தான் வேண்டும். என்னவென்று சொல்வது? உங்கள் அத்தாவை நான்தான் என்று ஆரம்பிக்க வேண்டுமா? ஊசி போடத் தெரிந்த மருமகள் என்று தெருவெல்லாம் பெருமை பேசினார் மாமா. மாமிக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும், அதனால்தான் இவள் கற்றுக்கொண்டாள். வலித்ததே இல்லை என்பார். தோலைக் கிள்ளிப் பிடித்து, சாய்த்து, மெதுவாக. இன்றைக்கும் அப்படித்தான் போட்டாள். தன் கையைத் தானே பார்த்தாள், உதறினாள், முந்தானையில் துடைத்தாள். இரண்டு தடவை அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதும் நேராக உள்ளறைக்குப் போனாள்.

மாமி நிமிர்ந்து பார்த்தாள். பார்வை ஹாஜிராவின் முகத்துக்கு வரவில்லை, டிபன் பாக்ஸிலேயே நின்றது.

"கோவிந்தராசு வந்தானா?"

ஹாஜிரா டிபன் பாக்ஸை அவள் பக்கத்தில் வைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா மாமி?"

மாமி தஸ்பீஹை மடியில் வைத்தாள். கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"தெரியாம? நாப்பது வருஷம் குடும்பம் பண்ணியிருக்கறேன். மொத நாளு சஹர்லயே தெரிஞ்சிப் போச்சு. சும்மா ஒக்காறவரு இன்னொரு கரண்டி தயிர் சோறு போடச் சொல்வாரா? கேட்டேன். ஹாஜிராகிட்ட மட்டும் சொல்லிடாத, அது பாவம், நமக்காகப் பாடுபடுது, சங்கடப்படும்னாரு. ஞாயித்துக்கெழம தட்டெல்லாம் பூனைக்குத்தான் போச்சு."

பூனை கொழுத்திருந்ததை ஹாஜிரா கவனித்திருந்தாள். சிரித்துக்கொண்டே மாமாவிடம் சொல்லவும் செய்தாள். ஆமாம்மா, கர்ப்பமா இருக்கும் என்றார். அது ஆண் பூனை.

"பஷீரா மதினி, தம்பி நோம்பில்லாமப் போயிட்டான்னு ஒப்பாரி வெக்கும்போது வாய் வரைக்கும் வந்திச்சு," என்றாள் மாமி. "என் புருஷன் நோம்பு வாயோடதான் போனாரு, நோம்பும் புடிச்சாரு, தெனமும் ஒரு ஆளுக்குச் சோறும் போட்டாருன்னு சொல்லத் துடிச்சேன். ஒனக்குத் தெரியாம சபையில சொல்லக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன். கோச்சிக்காதம்மா."

ஹாஜிரா அவள் காலருகே உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மாமியின் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. மத்தியானத்திலிருந்து அதில் ஏதோ ஒன்று நிதானமாக இருந்தது இதனால்தானா? உலகத்துக்கே தெரியாத ஒரு நல்ல சேதி தன்னிடம் இருக்கிறது என்று அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஊசி போட்டா நோம்பு முறியாதுன்னு ஹஜ்ரத்தே சொல்லியிருக்காங்களாம்," என்றாள் மாமி. "இவரு எப்பவோ தனியாப் போயிக் கேட்டுட்டு வந்திருக்காரு. சந்தோஷம் தாங்கல. அதுவும் ஆச்சு, இதுவும் ஆச்சுன்னாரு. நோம்பும் நிக்குது, ஊசியும் போயிட்டு இருக்குது, அப்பறம் என்னா கவலன்னாரு."

ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை ஹஜ்ரத்திடம் கேட்டார். அவரும் சரியான பதிலைத்தான் சொன்னார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை மாமா யாரிடமும் கேட்கவில்லை. ஊசி நோன்பை முறிக்காது. நோன்புதான் ஊசியோடு சேர்ந்து ஆளை முறிக்கும். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் இந்த வீட்டிலேயே இருந்தாள், அவர் நோன்பில்லை என்று நம்பிக்கொண்டு.

கூடத்தில் பெண்கள் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து கஞ்சி வந்துவிட்டது, டம்ளர்கள் எங்கே என்று பஷீரா கேட்டாள். ஹாஜிரா எழப் போனாள். மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இதுவரை பேசிய குரல் போல இல்லை. இறுகியிருந்தது.

"ஹாஜிரா."

"சொல்லுங்க மாமி."

"ஒனக்குத்தான் ஊசி மாத்திரையெல்லாம் தெரியும். அதனால கேக்கறேன். வெறும் வயித்துல அந்த ஊசிய போட்டா ஒடம்ப ஒண்ணும் பண்ணாதில்ல?"

கேட்டுவிட்டு மாமி சுவரைப் பார்க்கவில்லை. ஹாஜிராவையே பார்த்தாள். கண் சிமிட்டவில்லை.

மத்தியானம் முழுக்க மாமிக்கு இந்தச் சந்தேகம் இல்லாமல் இருந்திருக்காது என்று ஹாஜிராவுக்குப் பட்டது. தஸ்பீஹை உருட்டிக்கொண்டு இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு மாசம் பத்து நாள் இந்த அறையில் இதே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாள். நான் ஒரு வார்த்தை ஹாஜிராவிடம் சொல்லியிருந்தால் என்று அவள் ஆரம்பித்தால், அது எங்கே போய் நிற்கும்?  தன் பங்குச் சுமையே இன்னும் எவ்வளவு கனம் என்று தெரியவில்லை. மாமியின் பங்கையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்றால் தூக்கித்தான் ஆக வேண்டும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது.

"ஒண்ணும் பண்ணாது மாமி," என்றாள். "அது பாட்டுக்கு இருக்கும். மாமாவுக்கு அட்டாக்குதான். டாக்டரே சொல்லிட்டாங்கல்ல."

"வல்லாஹி? அல்லா மேல சத்தியமா?"

"ஆமா மாமி."

மாமி இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை விட்டாள். விட்ட கையால் ஹாஜிராவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. ஹாஜிரா அவளைப் பிடித்துக்கொண்டாள். இலியாஸிடம் ஒரு நாள் சொல்ல வேண்டும். இன்றைக்கு இல்லை. கோவிந்தராசிடமும் போய், நீங்கள் பொய் சொல்லியிருந்தாலும் அவர் குடித்திருக்கமாட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசலில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பாங்கு ஆரம்பித்தது.

கூடத்தில் எல்லோரும் பிஸ்மில்லா சொல்வது கேட்டது. பேரீச்சம்பழத் தட்டு அங்கேதான் இருந்தது, யாரும் இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தடவினாள். கையில் டிபன் பாக்ஸ் பட்டது. திறந்தாள். உள்ளே சின்னக் காகிதப் பொட்டலம்.

"சீனி," என்றாள் பிரித்துப் பார்த்துவிட்டு. "எதுக்கு இத வாங்கி வச்சிருந்தாரு?"

ஹாஜிரா பேரீச்சம்பழத் தட்டை எடுத்துவர எழப் போனாள்.

"சரி, நேரம் போவுது. நோம்பத் தொற," என்று மாமி ஒரு சிட்டிகை எடுத்து அவள் வாயில் வைத்தாள். தன் வாயிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

நாக்கில் அது மெதுவாகக் கரைந்தது. ஹாஜிரா விழுங்காமல் வைத்திருந்தாள். மாமி மிச்சச் சீனியைச் சிந்தாமல் மடித்து, டிபன் பாக்ஸுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, மாமாவைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கத்தில், நகத்தால் அதன்மேல் ஒரு தட்டு தட்டினாள்.